வாசிப்பு வகுப்பில் கணினி: தமிழாசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

பயிற்சி ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர் பயிற்சி பெறுகிறேன். பயிற்சிக்காகச் சென்ற தொடக்கப்பள்ளியில் மூத்த ஆசிரியர்கள் எல்லாரும் கணினி நல்லது என்றே சொல்கிறார்கள். ஆனால் வாசிப்புப் பாடம் வந்ததும் புத்தகத்தை எடுத்துவிடுகிறார்கள். இது வெறுப்பா, பயமா, பயிற்சிக் குறைவா? இரண்டாம் மொழி வாசிப்பில் கணினியைப் பற்றிய ஆசிரியர் மனப்போக்கு குறித்து ஒரு சிறு ஆய்வு எழுத வேண்டியிருக்கிறது.”

வெறுப்பு, பயம், பயிற்சிக் குறைவு ஆகிய மூன்றுமே ஆசிரியரிடம் ஏதோ குறை இருக்கிறது என்ற இடத்திலிருந்து தொடங்குகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவள் நான். பிறகு இளம் ஆசிரியர்களின் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து வழிகாட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் பார்த்த தயக்கத்தின் வேரை வாசிப்பில் தேடுங்கள். ஒரு பிள்ளை தமிழை வாசிக்கும்போது அதன் குரல் எங்கே தடுமாறுகிறது என்று கேட்டுத்தான் எங்கள் வேலையே நடக்கிறது. அந்தக் குரலைக் கேட்க உதவும் கருவியை ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதை மறைக்கும் கருவியை ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

முதலில் அந்த மூத்த ஆசிரியர்களின் ஒரு நாளைப் பாருங்கள். பயிற்சித்தாளைக் கணினியில் தட்டச்சு செய்கிறார்கள். மதிப்பெண்களை இணையத்தில் பதிகிறார்கள். மாணவர் கற்றல் தளத்தில் பாடம் ஏற்றுகிறார்கள். பெற்றோருக்குக் கைப்பேசியில் தகவல் அனுப்புகிறார்கள். வாய்மொழித் தேர்வுக்குக் காணொளியைப் போட்டுக் காட்டிப் பேசப் பழக்குகிறார்கள். இவர்களைக் கணினிக்கு அஞ்சுகிறவர்கள் என்று சொல்ல முடியாது. கணினியைப் பற்றிய மனப்போக்கு ஒன்று, வாசிப்புப் பாடத்தில் கணினியைப் பற்றிய மனப்போக்கு மற்றொன்று. உங்கள் ஆய்வு இரண்டையும் ஒரே வினாத்தாளில் கலந்துவிட்டால், எல்லாருக்கும் நல்ல மனப்போக்கு இருக்கிறது என்ற வெறும் முடிவுதான் கையில் மிஞ்சும்.

இந்த மனப்போக்குக்கு ஒரு வரலாறும் உண்டு. உங்கள் வயதில் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கல்வி அமைச்சு 1997 ஏப்ரலில் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. செலவு ஏறத்தாழ 200 கோடி வெள்ளி. 2002க்குள் இரண்டு மாணவருக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினிவழி என்பவை இலக்குகள். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மென்பொருள்கள் வரத் தொடங்கின. எங்களுக்கோ எழுத்தே சிக்கலாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாசிப்புப் பகுதியைத் தட்டச்சு செய்தேன். நெகிழ்வட்டில் ஏற்றித் திங்கள்கிழமை பள்ளிக் கணினிக் கூடத்தில் திறந்தால், திரை முழுக்கப் பொருளற்ற குறிகள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி திரும்பிப் பார்த்து, “டீச்சர், தமிழுக்குக் கம்ப்யூட்டர் இல்லையா?” என்று கேட்டாள். ஆங்கிலம் வேலை செய்கிற இயந்திரத்தில் தமிழ் வேலை செய்யவில்லை என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், அந்த எண்ணம் ஒரு பாடவேளையோடு போகாது. இதே போன்ற திங்கள்கிழமைகள் என் தலைமுறைத் தமிழாசிரியர் பலருக்கும் நினைவிருக்கும்.

அந்தத் தடையை உடைக்க இங்கிருந்தே பலர் உழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடி. நீங்கள் இப்போது பயிலும் கழகத்தில்தான் அவர் பணியாற்றினார். குறியீட்டுச் சிக்கலை உலகத் தமிழர் கூடிப் பேசிய தமிழ்நெட் 97 கருத்தரங்கு 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்தது. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். 2000இல் இங்கே மீண்டும் தமிழ் இணைய மாநாடு கூடியபோது தமிழ்க் கணினி வளர்ச்சிக்கான உலக அமைப்பான உத்தமம் பிறந்தது. அதே காலத்தில் விண்டோஸ் 2000 லதா என்ற தமிழ் எழுத்துருவுடன் வந்தது. பிறகு எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான ஒருங்குறி மெல்லப் பரவியது. இன்று நீங்கள் எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. ஆனால் பழைய எழுத்துருவில் ஆசிரியர்கள் உருவாக்கி வைத்திருந்த பாடக்குவியல்களில் எத்தனையோ யாராலும் திறக்க முடியாமல் போயின. ஒருமுறை உழைப்பை இழந்தவர் அடுத்த கருவி வரும்போது “இது எத்தனை ஆண்டு இருக்கும்?” என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆய்வு நூல்களில் நீங்கள் இரண்டு பெயர்களை அடிக்கடி பார்ப்பீர்கள். டேவிஸ் 1989இல் சொன்னது, ஒரு கருவி பயன் தரும் என்ற நம்பிக்கையும் அதைக் கையாள்வது எளிது என்ற நம்பிக்கையும் சேர்ந்தால் மனிதர் அதை ஏற்பார் என்பது. அது அலுவலக மென்பொருளைப் பயன்படுத்துவோரை வைத்து எழுந்த கருத்து. அங்கே பயன்படுத்துபவரும் பயனடைபவரும் ஒருவரே. வகுப்பறையில் பொத்தானை அழுத்துபவர் ஆசிரியர், பயனடைய வேண்டியவர் பிள்ளை. ஆசிரியருக்கு மிக எளிதாக இருக்கிற கருவி பிள்ளைக்கு ஒன்றுமே செய்யாமல் போகலாம். அது தெரிந்தவுடன் நல்ல ஆசிரியர் அதைக் கைவிடுவார். எர்ட்மர் 1999இல் தடைகளை இரண்டு அடுக்காகப் பிரித்தார்: கருவி, நேரம், பயிற்சி போன்ற வெளித்தடைகள் ஒன்று, கற்பித்தலைப் பற்றிய ஆசிரியரின் உள்நம்பிக்கைகள் மற்றொன்று. இந்தப் பிரிவு உங்களுக்கு உதவும். ஆனால் உள்நம்பிக்கை என்றாலே அது மாற்றப்பட வேண்டிய தடை என்று எடுத்துக்கொண்டு எழுதாதீர்கள். சில நம்பிக்கைகள் இருபதாண்டுக் கவனிப்பிலிருந்து வந்தவை.

அந்தக் கவனிப்பு என்ன என்பதுதான் எனக்கு முக்கியம். கஃப் (Gough), டன்மர் (Tunmer) என்ற ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்குத்தொகை என்றார்கள். ஒன்று சுழியம் ஆனால் வாசிப்பே சுழியம். இதைத் தமிழில் வைத்துப் பாருங்கள். 247 எழுத்துகள் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் உயிர்மெய்யின் அமைப்புப் பிடிபட்டுவிட்டால் பிள்ளை எந்தச் சொல்லையும் ஒலித்துவிடும், ஆங்கிலத்தைப் போல ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் சிங்கப்பூர் வகுப்பறையில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நிகழ்கிறது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு பையன் ஒரு பத்தியைத் தங்குதடையில்லாமல் வாசித்துவிடுவான். “யாரப்பா ஊருக்குப் போனார்கள்?” என்று கேட்டால் விழிப்பான். வாசிப்பு வேகத்துக்கு மதிப்பெண் போடும் மென்பொருள் இவனுக்கு நட்சத்திரங்களை வாரி வழங்கும். ஆசிரியருக்கோ இவன்தான் வகுப்பில் மிகுந்த கவனிப்பு வேண்டிய பிள்ளை.

இன்னொரு பிள்ளை நேர்மாறாக இருப்பாள். வீட்டில் பாட்டியோடு தமிழில் நன்றாகப் பேசுவாள், கேட்ட கதையைத் திரும்பச் சொல்வாள். ஆனால் வீட்டில் கேட்கிற வினைச்சொல் ஒரு வடிவம், புத்தகத்தில் பார்ப்பது வேறு வடிவம். “போகிறார்கள்” என்பது, தான் தினமும் “போறாங்க” என்று கேட்கிற அதே சொல்தான் என்று அவளுக்குத் தெரியாது. பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்ததற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். ஆசிரியர் இந்த இடத்தில் ஒரே நொடியில் பாலம் போடுவார். பேச்சு வடிவத்தைச் சொல்லிக் காட்டுவார், பிள்ளையின் முகம் மலரும். என் அனுபவத்தில் எந்தத் திரையும் அந்த நொடியை அறிந்து செயல்பட்டதில்லை.

பிள்ளைகளின் வீட்டுச் சூழலும் மாறிவருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றார்கள். 2010இல் அது 32.3. தமிழ் அதே பத்தாண்டில் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5க்கு இறங்கியது. ஆகவே பல பிள்ளைகளுக்குத் தமிழ் பெயரளவில் தாய்மொழி, வாசிக்கும் நேரத்தில் இரண்டாம் மொழி. ஹூவும் நேஷனும் 2000இல் ஆங்கிலக் கதையை வைத்துச் செய்த ஆய்வில், துணையின்றிப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் ஒரு பத்தியில் பத்துப் பன்னிரண்டு சொற்களில் நின்றுவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் கணினி பெரிதும் உதவ வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். தெரியாத சொல்லைத் தொட்டால் பொருள் வரும் மின்னகராதி, இரண்டாம் மொழி வாசகருக்கு உண்மையிலேயே வரம். ஆங்கில வகுப்பில் அது நன்றாக நடக்கிறது. தமிழில் என்ன ஆகிறது? பிள்ளை “வீட்டிற்கு” என்ற சொல்லைத் தொடுகிறது, அகராதியில் இருப்பது “வீடு”. “தந்தாள்” என்பதைத் தொடுகிறது, அகராதியில் இருப்பது “தா”. “கண்டவர்களுக்கு” என்பதிலிருந்து “காண்” வரைக்கும் எத்தனை படி ஏற வேண்டும்! சொல்லைப் பிரித்து வேரைக் காட்டும் நிரல் இல்லாத அகராதி, “சொல் கிடைக்கவில்லை” என்று கைவிரித்துவிடும். மூன்று முறை அப்படி நடந்தால் நான்காவது முறை பிள்ளை தொடாது. ஆசிரியரும் அந்தக் கருவியை அடுத்த வாரம் திறக்கமாட்டார். இதைப் பயிற்சிக் குறைவு என்று எழுதினால் அது பெரிய அநீதி. கருவி தமிழின் இலக்கணத்துக்கு ஏற்றதாக இல்லை என்பதுதான் செய்தி. நல்ல சொற்பிரிப்போடு, ஆசிரியரே பாடப்பகுதிக்கு ஏற்றபடி எளிய பொருள் எழுதி இணைத்த பகுதிகளைக் கொடுத்த வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் தயங்கவில்லை.

ஒலியும் அப்படியே. “பள்ளிக்குப் போனான்” என்பதைப் பிள்ளை “பல்லிக்குப் போனான்” என்று வாசித்தால் ஆசிரியரின் காது உடனே நிமிரும். அது நாக்குப் பிழையா, எழுத்தைத் தவறாகப் பார்த்ததா, ல, ள வேறுபாடே தெரியாததா என்று அடுத்த இரண்டு வரியைக் கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பிழை என்று சிவப்புக் குறி போடும் மென்பொருளுக்கு மூன்றும் ஒன்றுதான்.

திரையா, தாளா என்ற பழைய வாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை, 1,70,000க்கும் மேற்பட்ட வாசகர்களைத் திரட்டிப் பார்த்து, தாளில் வாசித்தவர்களே சற்று நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றது. நேர நெருக்கடி இருக்கும்போது வேறுபாடு கூடியது, கதைப் பகுதிகளில் அது தென்படவில்லை. கருத்தறிதலுக்குத் தாளும் கதை வாசிப்புக்குத் திரையும் என்று என்னுடன் பணியாற்றிய ஆசிரியர்கள் அந்த ஆய்வு வருவதற்கு முன்பே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நான் மகிழ்ச்சியோடு சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 8 முதல் எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. அப்போது நான் வழிகாட்டிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் ஓய்வுபெற இரண்டே ஆண்டுகள் இருந்தவர். புதிய கருவி எதையும் முந்திக்கொண்டு ஏற்காதவர். நேரலையில் இருபது பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக வாசிக்க வைப்பது நடக்காது என்று கண்டதும், ஒவ்வொருவரும் பாடநூலின் ஒரு பக்கத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொன்னார். இரண்டாம் நாள் இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி ஐந்து பதிவுகள் அனுப்பியிருந்தாள். முதல் பதிவில் நான்கு இடத்தில் நின்றவள் ஐந்தாவதில் ஒரே இடத்தில் நின்றாள். யாரும் அவளைத் திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. தன் குரலைத் தானே கேட்டு, பிடிக்காமல், மறுபடி மறுபடி வாசித்திருக்கிறாள். “இந்தப் பிள்ளையின் குரலை இரண்டு ஆண்டுகளில் இன்றுதான் முழுதாகக் கேட்டேன்” என்று அவர் சொன்னபோது அவர் குரல் கம்மியிருந்தது. பள்ளி மீண்டும் திறந்த பிறகும் ஓய்வு பெறும் நாள் வரை அவர் அந்தப் பதிவுமுறையை விடவில்லை. அவருக்குப் புதுப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. அவருடைய பழைய நம்பிக்கையும் மாறவில்லை. அந்த நம்பிக்கைக்கு முதன்முறையாக ஒரு கருவி வேலை செய்தது.

அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். இருபது பதிவுகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். நான்கு வகுப்புக்கு நான்கு மணி நேரம், குறிப்பு எழுதும் நேரம் தனி. ஒரு பள்ளியில் தமிழாசிரியர்கள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் தமிழ்ப் பாடவேளைக்கு மட்டும் ஓரிடத்தில் கூடுவார்கள். தமிழ் கற்பிக்கப்படாத பள்ளிகளின் மாணவர்கள் வேறு பள்ளியில் உள்ள நிலையத்துக்கோ உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ மாலையில் பயணம் செய்து வருவார்கள். அந்தக் களைப்போடு வரும் பிள்ளையிடம் முதலில் மடிக்கணினியைத் திறந்து கடவுச்சொல்லைத் தேடச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. ஆகவே ஓர் ஆசிரியர் வாரத்துக்கு ஒரு குழுவிடம் மட்டும் பதிவு கேட்டால், அதை அரைகுறை ஈடுபாடு என்று குறிக்காதீர்கள்.

மற்றொரு கவலை உங்கள் நேர்காணல்களில் கட்டாயம் வரும். தேசிய மின்னிலக்க அறிவுத்திட்டத்தின்கீழ் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இப்போது சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது. கருத்தறிதல் பகுதியை நகலெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டினால் நொடியில் ஆங்கிலம் வந்துவிடும். விடையை ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழாக்கியும் விடலாம். தமிழ் வாசிப்பு அங்கே நடக்கவே இல்லை. இந்தக் கவலையை நான் முழுமையாகப் பகிர்ந்துகொள்கிறேன். சிலர் சாதனத்தை மூடச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளம் ஆசிரியை மொழிபெயர்ப்பு தவறிய வாக்கியங்களைத் திரையில் போட்டு, எங்கே தவறியது என்று மாணவர்களைத் தேடவைக்கிறார். பிழையைப் பிடிக்கத் தமிழை வரிவரியாக வாசித்தே தீர வேண்டும். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. ஆனால் தமிழில் ஓரளவு ஊன்றிய மாணவர்களிடம்தான் அது எடுபடும்.

வாசிக்க என்ன இருக்கிறது என்பதும் மனப்போக்கைத் தீர்மானிக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் பெருமுயற்சி 2015இல் நிறைவேறி, 350 நூல்கள் அளவில் தேசிய நூலக வாரியத்தின் மூலம் எல்லாருக்கும் கிடைக்கின்றன. நம் சமூகம் பெருமைப்பட வேண்டிய பணி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களில், தேக்கா கடைத்தெருவும் வீவக அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியும் வருகிற, ஒலியோடு கூடிய நூறு சிறு மின்கதைகள் இருந்தால், நீங்கள் பார்த்த மூத்த ஆசிரியர்கள் நாளைக்கே திரையைத் திறப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் சந்தை சிறியது, அதனால் நிறுவனங்கள் தமிழுக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

வயதை வைத்து முடிவு கட்டுவதையும் தவிருங்கள். பாடநூல் பக்கத்தைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, கணினிவழி வாசிப்பு என்று பாடக்குறிப்பில் எழுதிய இளம் ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். படம் பெரிதாயிற்று, வாசிப்பில் எதுவும் மாறவில்லை.

ஆய்வுக்கு என் யோசனை இதுதான். “கணினி பயனுள்ளதா?” என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொல்லும் வினாத்தாளை ஒரு பக்கத்துக்கு மேல் வைக்காதீர்கள். மேலதிகாரி எதிர்பார்க்கும் பதிலே அதில் வரும். ஒவ்வோர் ஆசிரியரின் வகுப்பிலும் இரண்டு வாசிப்புப் பாடங்களுக்கு உட்காருங்கள். பிள்ளைகளின் குரல் எத்தனை நிமிடம் கேட்டது, ஆசிரியரின் குரல் எத்தனை நிமிடம், கருவியின் குரல் எத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். பிறகு நேர்காணலில் தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடநூலான தேன்தமிழில் அவர் அன்று நடத்திய பக்கத்தையே மேசைமேல் விரித்து வைத்து, “இந்தப் பக்கத்தில் உங்கள் பிள்ளைகள் எந்தச் சொல்லில் நின்றார்கள்? அந்த இடத்தில் எது உங்களுக்குத் துணையாக இருந்திருக்கும்?” என்று கேளுங்கள். பதிலை ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்க மறக்காதீர்கள். அவர்கள் நிறையப் பேசுவார்கள், கையால் எழுதி முடிக்க உங்களால் முடியாது.